கேட் போட்ட நேரம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
மணி நாலு இருபது.
ஐந்துக்குள் பட்டியலைப் பூட்ட வேண்டும்,
தேவசகாயம் அண்ணனின் பிரவுசிங் சென்டர்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

டேங்கர் வண்டி.
எண்ண ஆரம்பித்தேன், எப்போதும் போல.

பையில் நாலாய் மடித்த தாள்.
முப்பத்தொரு வரி, கல்லூரியும் பிரிவும்,
நேற்று ராத்திரி பென்சிலால் எழுதியது.
பென்சில் என்பதால்தான் எழுதவே முடிந்தது.

கட்-ஆப் நூற்று அறுபத்தேழரை.
நூற்றுத் தொண்ணூறு வாங்கியவளுக்கு வழி தெரியும்,
நூறு வாங்கியவனுக்கும் தெரியும்.
நடுவில் நிற்பவளிடம்தான்
ஊரே வந்து வழி சொல்கிறது.

"கம்ப்யூட்டர் எடு" என்றார்
மளிகைக் கடையில் சில்லறை தந்தவர்.
"இ.சி.இ. எடுத்தா ரெண்டு பக்கமும் போலாம்" என்றது
கியூவில் ஒரு குரல்.
எந்த ரெண்டு பக்கம் என்று நான் கேட்கவில்லை.
மெக்கானிக்கல் முடித்த கோட்டீஸ்வரன்
முதுகில் சோற்றுப் பெட்டியோடு
இதே கேட்டில், எனக்கு மூன்று வண்டி முன்னால்,
யாருடைய பிரியாணியோ ஆற ஆற நிற்கிறான்.
திரும்பிச் சிரித்தான்.
"இன்னா, முடிவு பண்ட்டியா?"
தலையை ஆட்டினேன்.
ஆமாம் என்றும் ஆகாமல் இல்லை என்றும் ஆகாமல்
ஆட்டுவதற்கு என் கழுத்து பழகிவிட்டது.

பத்தொன்பது. இருபது.

அப்பா எண்ணூர் சாலையில் டிரெய்லரோடு நிற்கிறார்,
முந்தாநாளில் இருந்து அதே வரிசையில்.
போனில் கேட்டேன்.
"உனுக்கு எது புடிக்குதோ" என்றார்.
இருப்பதிலேயே கஷ்டமான கேள்வித்தாள் அதுதான்.

பள்ளியில் ஒருநாள் தேர்வு வைத்தார்கள்,
என் திறமை எதுவென்று கண்டுபிடிக்க.
ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்?
பழுது பார்ப்பேன், கவிதை எழுதுவேன்,
பிறருக்கு உதவுவேன், செடி வளர்ப்பேன்.
லாரித் தண்ணிக்குக் குடம் போட்டு நிற்பேன் என்பதற்கு
வட்டமே இல்லை.
செடியை நிரப்பினேன்.
வேளாண்மை என்று முடிவு வந்தது.
எங்கள் வீட்டில் மண் இருப்பது
செருப்படியில் மட்டும்.

என்ன பிடிக்கும்?
சொன்னால் சிரிப்பீர்கள்.
பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தில் நின்று
தண்ணீரின் நிறம் பார்க்கப் பிடிக்கும்.
பெரும்பாலும் பச்சை கலந்த கறுப்பு,
மழைக்கு மறுநாள் டீ,
சில விடியலில்
யாரோ ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்ட ஊதா.
எட்டாம் வகுப்பில் இருந்து
கணக்கு நோட்டின் பின்பக்கங்களில்
தேதி போட்டு எழுதி வருகிறேன்.
மணலிக் காற்று அடிக்கிற நாளுக்கு
ஒரு சின்ன நட்சத்திரம்.
எதற்கென்று தெரியாது.
முப்பத்தொன்றில் இது எந்த வரி?

கெமிக்கல் இன்ஜினியரிங் இருக்கிறது, ஒன்பதாவதாக.
அதைப் படித்தால்
ஊதாவைத் திறந்துவிடுகிற இடத்திலேயே வேலை கிடைக்கலாம்.
சம்பளம் நன்றாக இருக்கும் என்பார்கள். இருக்கும்.
கலைக் கல்லூரியில் வேதியியல் இருக்கிறது,
அது இந்தத் தாளிலேயே இல்லை.

நாற்பத்தெட்டு.
கடைசிப் பெட்டியில் கார்டு
கொடியோடு கொட்டாவி விட்டுப் போனார்.
கேட் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறதாம்.

அப்போதுதான் தில்ஷாத் கூப்பிட்டாள்.
காலையிலேயே பூட்டியவள்,
மேலிருந்து கீழ்வரை கம்ப்யூட்டர்.
"ஏய், பூட்னதுல இருந்து
வயித்த என்னமோ பண்ணுதுடி.
ஏசி லேப்னு மட்டும்தான் நெனச்சேன்."
எனக்கு அவள் மேல்
இத்தனை பிரியம் வந்ததே இல்லை.
"அப்புறம், சர்வர் படுத்துச்சாம்.
நாளைக்கு அஞ்சு வரைக்கும் டைம் குட்த்துட்டாங்க."

கேட் ஏறியது.
எல்லா ஹாரனும் ஒன்றாய் அலற
கோட்டி பறந்துவிட்டான்.
நான் சைக்கிளை உருட்டியபடி
தண்டவாளத்தைத் தாண்டினேன்.

அத்தோ கடையில்,
"காரம் தூக்கலா?"
"தூக்கலா."
"முட்டை?"
"வேணாம்."
எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்.

பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.
நோட்டு கையில் இல்லை.
தாளைத் திருப்பி
இன்றைய தேதியைப் போட்டேன்.
பச்சை. கரையோரம் கொஞ்சம் செம்பு.
நட்சத்திரம் இல்லை.

முன்பக்கம், நாளைக்கு.