கேபிள் வாடகை

செல்லூரில் அந்தச் சந்துக்குள்
ஒன்பதரை மணிக்கு நுழைந்தால்
முப்பது வீட்டிலிருந்தும் ஒரே குரல் வரும்.
சூலகபாலன் சிரிப்பான்.
ஏழு கன்னிகளின் உயிரைப் பிடித்து
ஊறுகாய் ஜாடியில் அடைத்தவன்,
இரண்டு வருடமாகச் சிரிக்கிறான்.

இன்று அழுகிறான்.

விருமாயி வீட்டு வாசலில் நிற்கிறேன்.
கையில் ரசீதுப் புத்தகம், இருநூற்று எழுபது ரூபாய்.
உள்ளே மூன்று பொம்பளைகள், அதில் ஒருத்தி பிள்ளைத்தாச்சி,
சீருடை மாற்றாத ஒரு பையன்.
"பாவம்ல," என்கிறாள் விருமாயி.
"சின்ன வயசுல அவன் கண்ணு முன்னாடியே
ஆத்தாளை எரிச்சுட்டாய்ங்களாம்.
அதுலருந்துதான் இப்படி ஆயிட்டான்."
"இவன் திருந்துனா போன உசுரு வருமாக்கும்,"
பிள்ளைத்தாச்சி கால் மாற்றி உட்கார்கிறாள்.
"சும்மா இருடி. பார்ப்போம்."

இதே வாசலுக்கு வேறு வசூலுக்கு வந்திருக்கிறேன்.
பதினோரு வருடம் முந்தி, வாரவட்டிக்கு.
உலை கொதித்துக்கொண்டிருந்தது.
வடிக்கிறவரைக்கும் பொறு என்றாள்.
பொறுக்கவில்லை.
சிலிண்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
சந்து முழுக்க மெதுவாக நடந்தேன்,
எல்லாரும் பார்க்கட்டும் என்று.
அன்று ராத்திரி வெளியே போனவன்தான் அவள் புருஷன்.
திருப்பூரில் பார்த்ததாகச் சொன்னார்கள்.
பிறகு அதையும் சொல்லவில்லை.

என் ஆத்தாளை யாரும் எரிக்கவில்லை.
நாளுக்கு முந்நூறு, பிரியாணி தனி.
அவ்வளவுதான் என் முன்கதை.

எங்கள் பக்கம் வெட்டுப்பட்டுச் செத்த திருடனுக்குக்கூட
கல் நட்டு, சுருட்டு வைத்துக் கும்பிடுவார்கள்.
சாகாமல் நிறுத்திக்கொண்டவனுக்கு
ரசீதுப் புத்தகம் கொடுத்தார்கள்.

மாதாமாதம் விருமாயி பணத்தை
என் கையில் தருவதில்லை.
படியில் வைப்பாள். குனிந்து எடுத்துக்கொள்வேன்.
சில்லறை ஒருநாளும் குறைந்ததில்லை.

முதல் ஜாடியின் மூடியில் சூலகபாலன் கை வைக்கிறான்.
அவன் தலைமுடி நரைக்கத் தொடங்குகிறது.
உடுக்கைச் சத்தம் ஏறுகிறது,
அப்போது பார்த்து அவன் முகம்
கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

"ஏய் கேபிளு! மாடியில போய்ப் பாரு, சீக்கிரம்!"
பதினோரு வருடத்தில்
அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

மாடியில் இருட்டு.
ஆற்றுப் பக்கமிருந்து சாக்கடை வாடை.
செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு தேடினால்
கனெக்டர் துருப்பிடித்து, கம்பி ஆடிக்கொண்டிருக்கிறது.
திருகினேன். செல்லை எடுத்துவிட்டுக் கத்தினேன்.

"வந்துருச்சா?"
"இல்ல."
"இப்ப?"
"வருது... வருது... போயிருச்சு."
விரலால் அழுத்திப் பிடித்தேன்.
"வந்துருச்சு! அப்படியே இரு. விட்றாத!"

விடவில்லை.
கீழே ஜாடி திறக்கும் சத்தம் கேட்கிறது.
எண்ணுகிறேன். மூன்று. நான்கு.
யாரோ விசும்புகிறார்கள்,
டிவியிலா வீட்டிலா தெரியவில்லை.
அவனை மன்னித்தார்களா என்பதும்
இங்கிருந்து தெரியவில்லை.

விளம்பரம் வந்ததும்
கை மாற்றிக்கொள்ள வேண்டும்.