தொண்ணூறு லிட்டர்

வண்டியின் வயிற்றில் தொண்ணூறு லிட்டர் பிடிக்கும்.
வயிறு என்பது என் பேச்சு.
ரெங்கராஜுக்கு அது டேங்க்,
கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் நீலப் பிளாஸ்டிக்.
குளிக்காமல் இருந்தால் மூன்று நாள்.
நான் தலை அலசினால் ஒன்றரை.

திருக்காட்டுப்பள்ளி தாண்டி ஒரு மோட்டார் கொட்டகை.
வாழைக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்
எங்கள் டேங்கைக் குனிந்து பார்த்துவிட்டு
"இதுவா? நீங்க மூடியத் தொறக்கறதுக்குள்ள ரொம்பிடும்" என்றார்.
மூன்று அங்குலக் குழாய் கொட்டுகிற வேகத்துக்கு
எங்கள் ஹோஸ் எந்த மூலைக்கு?
தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினோம்,
பாதி வண்டிக்கு, பாதி எங்கள் மேல்.
ரெங்கராஜ் மீட்டரை முக்கினான்.
இருநூற்றுப் பத்து.
முப்பது வருஷம் லேபில் இருந்தவன்,
எண் வந்தபிறகுதான் குடிப்பான்.

கும்பகோணம் பைபாஸில் பெட்ரோல் பங்க்.
டீசல் போட்டால்தான் தண்ணீர் என்றான் பையன்;
ஐநூறுக்குப் போட்டோம்.
குழாயில் மரை தேய்ந்திருந்தது.
சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி,
அப்படியும் பீச்சியடித்தது முகத்தில்.
அறுநூற்று நாற்பது.

மயிலாடுதுறையில் முகூர்த்தம் இல்லாத நாளின் கல்யாண மண்டபம்.
வாட்ச்மேன் உத்திராபதி சாவியோடு வந்தார்,
கை கழுவும் இடத்தில் வரிசையாய்ப் பதினெட்டுக் குழாய்.
"எதுல வேணா புடிங்க, எல்லாம் ஒரே தண்ணிதான்."
பதினெட்டில் இரண்டு வேலை செய்தன.
காசு வாங்கவில்லை.
வண்டிக்குள் ஃபேன் ஓடுமா என்று மட்டும் கேட்டார்,
ஏறி, அதன் கீழே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கேம்ப் சைட் என்று பலகை வைத்த இடம்
வழி முழுக்க ஒன்றே ஒன்று,
தரங்கம்பாடிக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பில்.
நிறுத்த நானூறு. வாளிக்கு முப்பது.
ஆயிரத்து நூற்றெண்பது.
சோப்பு நுரைக்கவில்லை.

எந்த ஊரிலும் டேங்க் முழுக்கக் காலியானதில்லை.
பாதி இருக்கும்போதே நிரப்பிவிடுவோம்.
அதனால் உப்பின் அடியில் கும்பகோணம்,
அதற்கும் அடியில் கொஞ்சம்
அந்த வாழைத்தோப்பு.
வளைவுகளில் எல்லாம் சேர்ந்து புரளும்.
அந்தச் சத்தத்தில்தான் தூங்கப் பழகியிருந்தேன்.

வேதாரண்யத்துக்கு அப்பால், உப்பளம் தெரிகிற ஓர் ஊர்.
பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தி
குழாய் இருக்குமா என்று தேட
ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.
ஒரு குரல்: "தண்ணி வண்டி வந்துட்டுது!"
நான் வாயைத் திறப்பதற்குள்
எட்டுக் குடம் வரிசையில்.
முன்னால் யார் என்று சண்டையும் தொடங்கிவிட்டது.

கதவு வழியே அடுப்பைப் பார்த்தவள் பூரணி.
"ஏ, வண்டி இல்லடி இது. வீடு."
சிரித்தார்கள்.
சிரித்தபடியே குடங்களைத் தூக்க ஆரம்பித்தார்கள்.
அப்போதுதான் கேட்டேன், எத்தனை நாளாச்சு என்று.
"இன்னியோட ஒம்போது."

எங்கள் குழாய் சிங்க்கில் இருக்கிறது.
காலால் மிதித்தால்தான் வரும்.
ஒரு குடத்துக்கு ஐந்து நிமிஷம்.
நான் மிதிக்க, கால் மாற்றி மிதிக்க,
ரெங்கராஜ் குடங்களை வாங்கி வாங்கிக் கொடுத்தான்.
மீட்டர் சட்டைப் பையிலேயே இருந்தது.
பூரணி உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் வைத்தாள்.
"நல்ல தண்ணி" என்றாள்.

ஆறாவது குடம் கழுத்துக்கு வந்தபோது
பம்ப் இருமியது.
இன்னும் மிதித்தேன். காற்றுதான் வந்தது.
மிச்ச இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.
ஒருத்தி மிதியிலிருந்த என் காலைப் பார்த்தாள்,
"விடுங்கக்கா" என்றாள்.

இருட்டில் கிளம்பினோம்.
வளைவுகளில் சத்தமே இல்லை.
தோப்புத்துறை வந்ததும் ரெங்கராஜ் கேட்டான், தூங்கலையா.
நிரம்பாமல் போன குடம் இரண்டு.
ஒன்று பச்சை.
இன்னொன்று என்ன நிறம்?
அவனுக்கும் தெரியவில்லை.