மூன்றாவது பூ

பொத்தானே இல்லையே,
தையக்காரன் மறந்துட்டானா என்றாள்
கொழிஞ்சாம்பாறையில் என் அத்தை.
மலாக்காச் செட்டிப் பெண் தனமணி சிரித்தாள்.
கெபாயாவைப் பூட்டுவது கெரோசாங்:
மார்பில் மேலிருந்து கீழாக
மூன்று ஊசிப்பூ,
நடுவே இழைச் சங்கிலி.

கோபாலபுரம் செக்போஸ்ட் நெரிசலில்
கைக்குழந்தைக்காரி ஒருத்தியின்
ரவிக்கைக் கொக்கி தெறித்தது.
சங்கிலியைக் கழற்றி
அடிப்பூவை அங்கே குத்தினாள் இவள்.
"அப்புறம் தாங்க."
அதற்குமேல் தமிழ் வரவில்லை.

வண்ணாமடையில்
பூவோடு இறங்கிப் போனாள் அவள்.
சித்தூர் வரை
கெபாயாவைக் கையால் பொத்தியபடி இவள்.

கல்யாணம் பதிந்த அன்றைய போட்டோவில்
இரண்டு தங்கம்,
கீழே
ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய ஊக்கு.

எங்கள் முகத்தைவிட
அதுதான் பளிச்சென்று விழுந்திருக்கிறது.