இரண்டிலிருந்து ஒன்றுக்கு

நூற்றைம்பதில் ஒரு குறையும் இல்லை என்கிறார்
அன்செல்மு கிந்தேலா.
கியர் மாறுவது தெரியாதாம்,
எண் மட்டும் மாறுமாம்.
தொல்லை பத்தில்தான்.

போர்ட்டோவின் ஏற்றத் தெருக்களில்
குப்பை லாரிக்குப் பின்னால் ஊர்கையில்
இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் நொடி,
இருக்கைக்குப் பின்னாலிருந்து யாரோ
முழங்காலால் இடிப்பதுபோல்.

"என் மனைவி இதில் ஏறுவதை நிறுத்திவிட்டாள்" என்றார்.
வேலைச் சீட்டில் அதை எழுதவில்லை.
எழுதியது:
குறைவேகத்தில் உதறல். சூடான பின் அதிகம்.

முதலில் எஞ்சின் தாங்கியின் ரப்பரைச் சந்தேகித்தேன்.
ஓரத்தில் வெடிப்பு இருந்தது, பொய்யில்லை.
மாற்றினேன். பில் போட்டேன்.
வியாழக்கிழமை திரும்பி வந்தார்
அதே இடியோடு.
பணத்தைத் திருப்பித் தரவில்லை.
வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

பிறகு பக்கத்து இருக்கையில்
மடியில் கணினியோடு நானே போனேன்.
ஆற்றங்கரையிலிருந்து மேலே. ஈரக் கற்கள். டிராம் தண்டவாளம்.
ஒரு சிவப்பு விளக்கு, இன்னொன்று.
மனிதர் பிரேக்கை முழுதாய் மிதிப்பதே இல்லை.
உருளவும் விடாமல் நிற்கவும் விடாமல்
வண்டியை ஏற்றத்தில் தொங்கவிடுகிறார்.
பல் மருத்துவர்.
ஊசி போடுமுன்னும் இப்படித்தானோ.

உள்ளே இரண்டு கிளட்ச்.
ஒற்றைப்படைக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று.
ஒன்று பிடித்திருக்கையில்
அடுத்த கியரைக் கோத்து வைத்துக்கொண்டு
மற்றது காத்திருக்கும்.
வேகத்தில் அந்த ஊகம் பலிக்கும்.
ஊர்கையில்
இவர் நிற்பாரா, கிளம்புவாரா,
இவருக்கே தெரியாததைப்
பெட்டி எப்படி ஊகிக்கும்?

எண்ணெயை இறக்கினேன். ஏழு லிட்டர்.
தேன்போல் வரவேண்டியது
டிகாஷன் நிறத்தில் வந்தது, கருகல் வாடையோடு.
காந்தத்தில் சாம்பல் பசை.
விரல்களுக்கிடையே தேய்த்தேன்: விபூதி மாதிரி நைசு.
துகள் நெருடியிருந்தால்
அன்றைக்கு வேறு பேச்சு பேசியிருப்போம்.
'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்ற வாக்கை
முன்பு வைத்திருந்தவர் நம்பியிருக்கிறார்.
யாருடைய ஆயுள் என்று கேட்கவில்லை.

புது எண்ணெய். புது வடிகட்டி.
பெட்டி மனப்பாடம் செய்திருந்த பழைய கணக்கை அழித்தேன்.
எழுபது டிகிரி வரும்வரை காத்திருந்து
ஏசி அணைத்து விளக்கு அணைத்து
பிரேக்கில் காலூன்றி
பொத்தானை அழுத்தினேன்.
இனி எதையும் தொடக்கூடாது.
மயிரிழை மயிரிழையாய் நகர்ந்து
தட்டு தட்டைத் தொடும் இடத்தைத் தேடுகிறது முதல் கிளட்ச்.
எஞ்சின் லேசாய்த் தணிகிறது:
இங்கேதான்.
குறித்துக்கொள்கிறது, விலகுகிறது, மறுபடி வருகிறது.
பிறகு இரண்டாவது.
தகரக் கூரையில் மழை.
அடுத்த குழியிலிருந்து ஃபெலிஸ்மினா
நான் கேட்காமலே ரேடியோவைக் குறைத்தாள்.
பதினொரு நிமிடம். கால் மரத்துவிட்டது.

திரையில் பழைய எண்ணும் புதிய எண்ணும்.
நடுவே
அரை மில்லிமீட்டர்கூட இல்லை.
இதற்காக ஒரு பெண்
ஒன்பது மாதம் பஸ்ஸில் போயிருக்கிறாள்.

மறுநாள் அதே ஏற்றம், ஏதோ ஒரு லாரி.
இரண்டு. ஒன்று.
ஒன்றுமில்லை.
இடியைக் காதுகொடுத்துத் தேடியதில்
பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை அவர்.
பின்னால் ஹாரன்.
"நின்றால் நில்லுங்கள், போனால் போங்கள்,
நடுவில் தொங்காதீர்கள்" என்றேன்.
குளிர்காலையில் முதல் தெருவுக்குள்
ஒருமுறை குலுங்கும் என்றும் சொன்னேன்.
அதை என்னால் எடுக்க முடியாது.

சனிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார்.
வண்டி பிரமாதம்.
மனைவி?
இன்னும் பஸ்ஸில்தான்.
இடப்பக்க ஜன்னலோரம்
பழகிவிட்டதாம்.