நாலு பாகைத் தண்ணீர்

சங்கரூபன் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான்,
நடுவே ஒரு கேள்விக்குறி.
நோர்வேயின் வடக்கில் வேலை கிடைத்திருக்கிறதாம்:
சல்மன் கூட்டின் அடிவலையில்
செத்த மீன் பொறுக்கும் சுழியோட்டம்.
தண்ணீர் நாலு பாகை.
ரெகுலேற்றர் அவனவன் சொந்தச் செலவு.
"எதை எடுக்க? நீதானே கழட்டிப் பூட்டுறவள்."

உண்மைதான்.
கல்குடாவில் இருபத்திரண்டு ரெகுலேற்றர்கள்
என் கைக்குப் பழக்கம்.
எந்த ஓ-ரிங்குக்கு எத்தனை வயது,
எந்த வாய்ப்பிடியை எந்த நாட்டுப் பல் கடித்துப் பிய்த்தது,
எல்லாம் தெரியும்.
ஆனால் எங்கள் கடல்
மார்கழி வாடையிலும் இருபத்தாறுக்குக் கீழே இறங்காது.
குளிர் எனக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்,
கிரீஸ் விரலோடு தாண்டிப்போன பக்கம்.

அன்றிரவு அதைப் படித்தேன்.
சிலிண்டருக்குள் இருநூறு பாரில் நெருக்குண்டு கிடக்கும் காற்று
பத்துக்கு இறங்கும்போது விரிகிறது.
விரியும் காற்று குளிர்கிறது.
நாலு பாகை நீரில் அது பூச்சியத்தைத் தாண்டிப்போய்
தன்னைச் சுற்றிய நீரைப் பனியாக்கும்;
பனி சுருள்வில்லைப் பிடித்துக்கொள்ளும்;
வால்வு திறந்தபடி நிற்கும்.
மூச்சு அடைத்து அல்ல,
மூச்சு நில்லாமல் கொட்டி
சில நிமிடத்தில் சிலிண்டர் வெறுமையாகும்.
மூன்று தரம் வாசித்தேன்.

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
முபீத் காக்காவிடம் தொட்டி ஒன்று கேட்டேன், அரை மணி நேரத்துக்கு.
"மீன் எங்க தங்கச்சி?"
பித்தளையையும் குழாயையும் பார்த்துவிட்டு
பேசாமல் ஒரு ஐஸ் கட்டியை உடைத்துக் கொட்டினார்.
உப்புப் போட்டேன். வெப்பமானி பூச்சியத்தில் நின்றது.

முதலில் கடையின் பழைய பிஸ்டன் வகை,
அவன் அனுப்பிய மலிவுப் படத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.
சுருள்வில்லை நீர் தொடும் திறந்த வயிறு.
பொத்தானை விட்டு விட்டு அழுத்தினேன்.
முப்பத்தெட்டாம் அழுத்தில்
விரலை எடுத்தேன், காற்று நிற்கவில்லை.
தொட்டி உலைபோலப் பொங்கியது.
ஐஸ் உடைக்கிறவர்கள் சிரித்தார்கள், ஒருவன் விசிலடித்தான்.
சிலிண்டரை நான் பூட்டும்வரை
அந்தத் தொட்டிக்குள் ஒருவன் இருந்தான்.

மற்றது டயபிரம் வகை,
ஒரு ஜேர்மன்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது.
சுருள்வில் தனி அறைக்குள், நீர் புகாமல் மூடி.
வாய்ப்பக்கமும் உலோகம்,
நீரிலிருந்து சூடு வாங்கும் செதில்கள்.
இவ்வளவு காலமும் பார உருப்படி என்று
அலமாரியின் அடியில் போட்டிருந்தேன்.
இருநூறு. இருநூற்றைம்பது.
வெளியே உப்புப் படிவதுபோல் வெள்ளை ஏறியது.
விட்டதும் நின்றது,
விட்டதும் நின்றது.
முபீத் காக்கா மணிக்கூட்டைக் காட்டினார்.
வெயிலில் அறுக்குளா காத்துக் கிடந்தது.

பதில் எழுதப் போனேன்.
போன் என் விரலை
விரல் என்று ஏற்கவில்லை, அத்தனை குளிர்.
ஆகவே குரலில்:

"விலை கூடினத எடு.
என்ட நாலு மாசச் சம்பளம் அது, எண்டாலும் எடு.
ஒண்டு காணாது. ரெண்டு முதல்நிலை, ரெண்டு வால்வு.
ஒண்டு உறைஞ்சா அதப் பூட்டிப்போட்டு மத்ததுக்கு மாறு.
நடு அழுத்தத்தக் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லு.
காத்த ஈரமில்லாம அடைக்கிறானுகளா எண்டு கேளு,
கேக்க வெக்கப்படாத.
மறுகா,
இங்க செய்யிற மாதிரி
படகில இருந்து வாயில வச்சு இழுத்துப் பாக்காத.
உன்ட மூச்சின்ட ஈரமே உறைஞ்சிரும்.
முதல் மூச்சத் தண்ணிக்குள்ள போய் எடு."

அனுப்பிவிட்டுக் கேட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தொரு வினாடி.
பின்னால் யாரோ
ஐஸ் உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.