சரிவகம்

பூம்பாறையில் செவ்வகமே கிடையாது,
புத்தகத்தில்தான் உண்டு.
எங்கள் பூண்டு வயல்
மேலே அறுபது அடி, கீழே தொண்ணூறு,
இடையே நாற்பது.
கொடிக்கயிற்றில் முடிச்சுப் போட்டு
நானும் தம்பி குழந்தைவேலுவும் அளந்தோம்.
மஞ்சு இறங்கி அவன் முனை தெரியவில்லை.
இழுத்தேன், அவனும் இழுத்தான்;
குறித்துக்கொண்டேன்.

அரை, பெருக்கல் உயரம்,
பெருக்கல் இணைப்பக்கங்களின் கூடுதல்:
மூவாயிரம் சதுர அடி.
ஏழு சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு.
குத்தகை எட்டுக்கு.
ஐந்து வருஷமாக எட்டுக்கு.

விடைப் பக்கத்தில் இந்தக் கணக்கு இல்லை.

நோட்டை வாங்கிய அம்மா
பூண்டுத்தோல் ஒட்டிய விரலால்
வரிவரியாகத் தடவினாள்.
"விடைய மட்டும் காட்டினா
புள்ள விளையாட்டும்பாரு.
ஒரு ஸ்டெப் விடாம
வேற தாள்ல எழுது.
பேனாவுல."