நிலக் குறிப்பு, காத்தோங்

வடக்கே ரம்புத்தான் மரம்.
கிழக்கே லிம் வீட்டு வேலி.
தெற்கே கடல்.
வேறொன்றும் எழுதவில்லை அளந்தவர்.

ஏழு சங்கிலி முப்பத்திரண்டு கண்ணி.
அதை அடித்து, முப்பத்தொன்று.
ஓரத்தில் பென்சிலில்:
சங்கிலி பிடிக்கும் பக்கிரிக்குக் காய்ச்சல்.

நூற்றிருபது வருடம் கழித்து
நானும் ஹஸ்லிண்டாவும்
முக்காலியை ஊன்றுகிறோம்.
மரமில்லை. லிம் இல்லை.
தெற்கே நடக்க நடக்க
பேருந்து நிறுத்தம், பல் மருத்துவர்,
பதினாறு மாடி, துணி காயும் கழிகள்.
கடலைக் காணோம்.

வழக்கென்னவோ கடலுக்காக அல்ல.
அடித்த அந்த ஒரு கண்ணிக்கு.
எட்டு அங்குலம்கூடத் தேறாது,
இரு வீட்டாரும் வக்கீல் வைத்திருக்கிறார்கள்.
கணக்குப் பிசகியதா
காய்ச்சலில் கை பிசகியதா
தாளில் விடையில்லை.

அதன்மேல் யாரோ
சைக்கிளைச் சாய்த்துப் பூட்டியிருக்கிறார்கள்.
கொஞ்சம் நகர்த்தச் சொல்ல வேண்டும்.